பேட்டரி மேல் பழி போடாதீர்கள்

அன்று செவ்வாய்க்கிழமை. காலை மணி 5.40. காலை நிகழ்ச்சிக்காக ஒலிபரப்பு அறையில் அமர்ந்திருந்தேன். கைப்பேசி ஒளிர்ந்தது. அப்பா. வேலை நேரத்தில் அவர் என்னை அழைக்கவே மாட்டார்.

“காடி எடுக்கலம்மா. சாவியத் திருகினா டிக்கு டிக்குன்னு சத்தம் மட்டும்தான் வருது. அம்மாவுக்கு ஆறரைக்கு மிஷின்.”

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். தாமதமாகப் போனால், அடுத்து வருபவருக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்த நான்கு மணி நேரம் குறையும். குறைந்தால் அன்று இரவே கால் வீங்கும், மூச்சு வாங்கும். அன்றைக்குப் பக்கத்து வீட்டு அங்கிள் தம் காரில் கொண்டுபோய் விட்டதால் சமாளித்தோம்.

அப்பாவின் கார் 1998ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா இஸ்வாரா. பதினான்கு மாதங்களில் அதற்கு இரண்டு புது பேட்டரிகள் போட்டிருந்தோம். நடுவில் ஒரு பட்டறையில் ஆல்டர்னேட்டரையும் மாற்றினார்கள். மொத்தம் அறுநூறு ரிங்கிட்டுக்கு மேல் போயிருந்தது. இப்போது மீண்டும் அதே ‘டிக்கு டிக்கு’.

“வித்துட்டு கிரேப் புடிச்சிக்கலாம்பா” என்று தம்பி சொன்னான். அப்பா பதில் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள், போக வர கிரேப் என்றால் மாதம் எவ்வளவு என்று அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவருடைய ஓய்வூதியத்துக்கு அது கட்டுப்படியாகாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. முதல் புரோட்டோன் சாகா 1985இல் வெளிவந்தது. இஸ்வாரா 1992இல், வீரா 1993இல், பெரோடுவா கஞ்சில் 1994இல். இந்தக் கார்கள் இன்றும் நம் தாமான்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய காரை ஆசைக்கு வைத்திருப்பவர்கள் சிலர்தான். வேறு வழியில்லாததால் வைத்திருப்பவர்களே அதிகம். இரவு வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறவர்கள், என் அப்பாவைப் போல் மருத்துவமனைக்கு நடையாய் நடக்கிறவர்கள். அவர்களுக்கு கார் எடுக்கவில்லை என்றால் அந்த நாளே நின்றுவிடுகிறது.

அதனால்தான் அந்த இரண்டு பேட்டரிகளும் ஏன் செத்தன என்று நாங்கள் கண்டுபிடித்த கதையை இங்கே எழுதுகிறேன். கண்டுபிடிக்க உதவிய கருவியின் விலை முப்பது ரிங்கிட்.

தாங்கி, பம்ப், குழாய்

நண்பர் ஒருவர் சொல்லி, கார் மின்வேலை மட்டும் பார்க்கும் ஒரு வயர்மேனிடம் போனோம். அறுபது வயதிருக்கும். கடை என்று சொல்ல முடியாது; வீட்டு முன்னால் ஒரு கூரை, ஒரு மேசை. அப்பா நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தார். அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, வீட்டுல தண்ணி வரல. டேங்க்க மாத்துவியா, பைப்பப் பாப்பியா?”

“பைப்பத்தான் பாக்கணும் அங்கிள்.”

“நீங்க ரெண்டு தடவ டேங்க்க மாத்திட்டீங்க. ஒரு தடவ பம்ப்ப மாத்திட்டீங்க. பைப்ப யாரும் தொடவே இல்ல.”

காரின் சார்ஜிங் முறையை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. பேட்டரி ஒரு தாங்கி. சாவியைத் திருகும்போது ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தேவையான மின்சாரம் முழுவதையும் சில விநாடிகளில் அதுதான் கொடுக்கிறது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதன்பின் ஃபேன் பெல்ட் சுழற்றும் ஆல்டர்னேட்டர்தான் பம்ப். விளக்கு, ஏர்கோன், வைப்பர், வானொலி எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே, பேட்டரி செலவழித்ததையும் அது திருப்பி நிரப்புகிறது.

இவை இரண்டையும் இணைக்கும் வயர்கள்தான் குழாய். இங்கேதான் பலரும் ஒன்றை மறந்துவிடுகிறோம். மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். போகும் வழி சிவப்பு வயர். திரும்பும் வழி என்ஜின், காரின் உலோக உடல், அவற்றை பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைக்கும் எர்த் வயர். பழைய காரில் முதலில் கெடுவது பெரும்பாலும் இந்தத் திரும்பும் வழிதான். மழை, வெயில், என்ஜின் சூடு, அதிர்வு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது கிடக்கிறது.

ஐந்து அளவுகள்

வயர்மேன் அங்கிள் ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்தார். டிசி வோல்ட் பகுதியில் 20 என்ற இடத்தில் திருப்பினார். அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதல் நான்கை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம்.

முதல் அளவு, கார் ஓடாமல் இருக்கும்போது. இரவு முழுவதும் நிறுத்திய காரில், காலையில் எதையும் போடுவதற்கு முன் எடுப்பது நல்லது. சிவப்புக் கம்பி பேட்டரியின் பாசிட்டிவ் முனையில், கறுப்புக் கம்பி நெகட்டிவ் முனையில். 12.6 வோல்ட் அல்லது சற்று அதிகம் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு, ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். எவ்வளவு சார்ஜ் செய்தாலும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறது என்றால் ஓர் அறை செத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாம் அளவு, ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில். ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் சாவியைத் திருக வேண்டும். நிறைந்த பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, திருகியதும் 7, 8 என்று விழுந்தால் பேட்டரிக்குள் சக்தி இல்லை. ஆனால் மீட்டர் 11, 12 என்று நன்றாகவே நிற்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் சோம்பலாகச் சுற்றுகிறது அல்லது ‘டிக்’ என்று நின்றுவிடுகிறது என்றால் குற்றவாளி வேறு. ஸ்டார்ட்டரையும் வயர்களையும் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் அப்பா ஒன்றைச் சொன்னார். “புது பேட்டரி போட்ட அன்னிக்கே கொஞ்சம் மெதுவாத்தான் சுத்துச்சு. பழைய காடிதானேன்னு விட்டுட்டேன்.”

அங்கிள் தலையசைத்தார். “அதான்ணே காடி உங்ககிட்ட பேசுச்சு.”

மூன்றாம் அளவு, என்ஜின் ஓடும்போது. விளக்கு, ஏர்கோன் எதுவும் போடாமல் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஓய்வில் இருந்த அதே 12.4தான் காட்டுகிறது என்றால் சார்ஜ் ஏறவே இல்லை. 15ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை வாடை அடிக்கும், விளக்குகள் அடிக்கடி எரிந்துபோகும். அப்படியே ஓட்டக் கூடாது.

எங்கள் காரில் 14.1 காட்டியது. முன்பு போன பட்டறையிலும் இதே அளவைத்தான் பார்த்திருக்கிறார்கள். “சார்ஜிங் ஓகே, பேட்டரிதான் அவுட்” என்று சொல்லி அனுப்பினார்கள். அளவு சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டார்கள்.

நான்காம் அளவு, சுமை ஏற்றிய பிறகு. அங்கிள் அப்பாவை காரில் உட்காரச் சொன்னார். பெரிய விளக்கு, ஏர்கோன் காற்று முழு வேகத்தில், வைப்பர், பின் கண்ணாடியைச் சூடாக்கும் பொத்தான், எல்லாவற்றையும் போடச் சொன்னார். முன்விளக்குகள் இரண்டுக்கு மட்டுமே சுமார் 9 ஆம்பியர் வேண்டும். எல்லாம் சேர்ந்தால் முப்பது, நாற்பது ஆம்பியருக்குப் போய்விடும். எண்ணெயைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்தால், நல்ல நிலையில் உள்ள காரில் 13.5க்குக் கீழே போகக் கூடாது.

மீட்டர் 13.0க்கு இறங்கியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா இந்தக் காரை எப்போது ஓட்டுகிறார்? விடியுமுன், இருட்டில், முன்விளக்கு போட்டு, அம்மாவுக்கு வியர்க்கக் கூடாது என்று ஏர்கோன் போட்டு. எட்டு கிலோமீட்டர்தான். பட்டறையில் கார் பகல் வெளிச்சத்தில் எந்தச் சுமையும் இல்லாமல் நின்றது. நோயாளியிடம் மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்காமல், உட்கார வைத்து நாடி பார்த்து அனுப்பிவிட்டது போல.

ஐந்தாம் அளவுதான் முடிவைச் சொன்னது. என்ஜின் ஓடிக்கொண்டே, சுமை எல்லாம் போட்டபடியே, அங்கிள் நேராக ஆல்டர்னேட்டரில் வைத்துப் பார்த்தார். அதன் தடித்த முனைக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே 14.3. பம்ப் நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியானால் 14.3 அங்கே புறப்பட்டு, பேட்டரிக்கு 13.0தான் வந்து சேர்கிறது. நடுவில் 1.3 வோல்ட் எங்கே போனது?

சிவப்புக் கம்பியை ஆல்டர்னேட்டரின் தடித்த முனையிலும் கறுப்புக் கம்பியை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்தார். 0.15. போகும் வழியில் பழுதில்லை. பிறகு ஒரு கம்பியை ஆல்டர்னேட்டரின் உடலிலும் மற்றொன்றை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்தார். 1.15. அங்கே 0.2க்கு மேல் இருக்கவே கூடாது.

திரும்பும் வழி அடைத்திருந்தது.

பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கறுப்பு எர்த் வயரைக் கழற்றினார். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நுனியில் உறையைக் கத்தியால் கீறினார். உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைப் பொடியாகக் கொட்டின. நாலைந்து இழைகள்தான் மிச்சம்.

ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரமும் இதே வயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். புது பேட்டரியிலும் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றியதற்கும் அதுவே காரணம்.

பேட்டரிகள் செத்ததும் இதனால்தான். ஒரு பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே நிரம்பினால், உள்ளே ஈயத் தகடுகளில் படியும் சல்பேட் இறுகிப்போய், பிறகு சார்ஜ் ஏற்க மறுக்கும். நம் நாட்டு வெயிலில் பேட்டரியின் ஆயுள் ஏற்கெனவே குறைவு. அதோடு அரைப்பட்டினியும் சேர்ந்தால் சில மாதங்கள்தான். குற்றவாளி என்று நாங்கள் இரண்டு முறை தூக்கி எறிந்தது, பாதிக்கப்பட்டவரை.

ஆல்டர்னேட்டரை மாற்றும் முன்

எல்லா காருக்கும் எர்த் வயர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் அளவிலேயே சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்தாலும், ரீகோன் ஆல்டர்னேட்டர் வாங்க ஓடுவதற்கு முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா? என்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்குகிறது. காலையில் கார் எடுத்ததும் ‘கீச்’ என்று கத்தினால் அது பெல்ட்டின் குரல்.

டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் அது எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் பிரச்சினை என்று பலருக்கும் தெரியும். சாவி போட்டதும் எரியாமலே இருந்தாலும் பிரச்சினைதான் என்று பலருக்குத் தெரியாது. பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கத் தேவையான சிறு மின்சாரம் அந்த விளக்கின் வழியாகத்தான் போகிறது. ஒரு சின்ன பல்ப் எரிந்துபோனதால் சார்ஜ் ஏறாமல் போகலாம். மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடையோ வயர் இணைப்பையோ சந்தேகப்பட வேண்டும்.

பேட்டரி முனைகளில் வெள்ளை, பச்சைப் பூப்பு இருக்கிறதா? வெந்நீரில் சோடா உப்பு கலந்து ஊற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது அமிலம்.

உண்மையிலேயே ஆல்டர்னேட்டர்தான் என்றாலும், பல நேரங்களில் உள்ளே தேய்ந்துபோன கார்பன் பிரஷையோ ரெகுலேட்டரையோ மட்டும் மாற்றினால் போதும். அதைச் செய்யத் தெரிந்தவர்தான் வயர்மேன். போமன் என்ஜினுக்கு, வயர்மேன் மின்சாரத்துக்கு. எங்கள் வீட்டில் அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள அறுநூறு ரிங்கிட் ஆனது.

ஓட்டும்போது சரி, நிறுத்தினால் செத்துப்போகிறது

இது வேறு வகை நோய். ஐந்து அளவுகளும் சரியாக இருக்கின்றன. ஆனால் இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் கார் எடுப்பதில்லை. அப்படியானால் கார் தூங்கும்போது எதுவோ பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

நம் பழைய கார்களில் சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் பின்னால் சேர்த்தவற்றைத்தான்: அலாரம், பெரிய ஸ்பீக்கருக்கான பவர் ஆம்ப், டேஷ்கேம், வயரை வெட்டி ஒட்டிப் போட்ட பிளேயர். அவற்றோடு, மூடினாலும் அணையாத பூட் விளக்கு. கணக்கு எளிது. இந்தச் சிறிய கார்களின் பேட்டரி சுமார் 35 ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்டது. 0.3 ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி போகிறது. இரண்டரை நாளில் பாதி பேட்டரி காலி.

சரியான நிலையில் இந்தக் கசிவு 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். இதை அளக்க மீட்டரை ஆம்பியர் பகுதிக்கு மாற்றி, நெகட்டிவ் வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் சேர்க்க வேண்டும். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றும்போது அளவு இறங்குகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் கருகிவிடும். தயக்கமாக இருந்தால் இதை வயர்மேனிடமே விட்டுவிடுங்கள்.

செய்யவே கூடாதவை

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. “ஓடுது பாரு, ஆல்டர்னேட்டர் நல்லாருக்கு” என்பார்கள். அப்படிக் கழற்றும் நொடியில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறலாம். டயோட் போகும். கணினிப் பெட்டி உள்ள கார் என்றால் அதுவும் போகலாம். உங்கள் காரில் யாராவது அப்படிச் செய்யப் போனால் தயங்காமல் தடுங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரி பக்கத்தில் சிகரெட்டும் தீப்பொறியும் கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். என்ஜின் ஓடும்போது அளப்பதென்றால் தலைமுடி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி எந்த நேரமும் தானாகச் சுற்றத் தொடங்கும்.

முழுவதும் காலியான பேட்டரியை ஜம்ப் ஸ்டார்ட் செய்துவிட்டு, ஓட்டினால் நிரம்பிவிடும் என்று நம்ப வேண்டாம். குறைந்த தூரம் ஓட்டினால் நிரம்பாது; ஆல்டர்னேட்டரும் வீணாகச் சூடேறும். ஓர் இரவு சார்ஜரில் மெதுவாக ஏற்றுவதே நல்லது.

பதினெட்டு வெள்ளி

அங்கிள் புது எர்த் வயர் ஒன்றை அளவெடுத்து வெட்டி, முனைகளை அழுத்திப் பொருத்தினார். கியர்பாக்ஸில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். மறுபடியும் எல்லாச் சுமையும் போட்டு மீட்டரை வைத்தார். 14.0.

மூன்றாவதாக ஒரு பேட்டரி வாங்கத் தயாராகத்தான் போயிருந்தோம். “இருங்க, பாப்போம்” என்று பழையதை ஓர் இரவு சார்ஜரில் போட்டார். மறுநாள் காலை 12.6 காட்டியது. “இது இன்னும் ஓடும்ணே. போய்ட்டு வாங்க” என்றார். வயருக்குப் பதினெட்டு வெள்ளி. கூலி என்று கேட்டதற்கு, “குடுக்கறதக் குடுங்க” என்றார். அப்பா ஐம்பது வெள்ளியைக் கையில் திணித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் நிறுத்தச் சொல்லி, அப்பா ஒரு மல்டிமீட்டர் வாங்கினார். அம்மாவின் எடை, இரத்த அழுத்தம், எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள் என்று அவர் தேதி வாரியாக எழுதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இப்போது அதில் ஒரு புதுப் பத்தி. ஒவ்வொரு திங்கள், புதன், வெள்ளி மாலையும், மறுநாள் போக வேண்டிய காருக்கு: 12.6. 12.6. 12.5.

கடந்த மாதம் ஒரு நாள் 12.3 என்று எழுதியிருந்தார். பக்கத்தில் சிறிய எழுத்தில், “பூட் விளக்கு அணைக்கவில்லை. சரிசெய்தாயிற்று.”

செவ்வாய்க்கிழமை காலைகளில் என் கைப்பேசி ஒளிர்வதில்லை.